கதிரியக்கமும் சிற்றுயிர்களும்

மதுரையினின்று தேனிக்குச் செல்லும் பெருவழியில், உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாயை நோக்கிச் செல்வோர்க்கு இருமருங்கும் தோன்றுவன மானாவாரிப் புன்செய்களும், நீர் குறைந்த கண்மாய்களும், அவற்றிடையே யானைகள் படுத்திருந்தாற்போலக் கிடக்கும் பாறைக் குன்றுகளுமேயாம். சென்ற மாரிக்காலத்தின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமையன்று மாணாக்கர் எண்மரோடு யாம் அவ்வூர்ப் புறத்தே சென்றிருந்தோம். பௌதிக சாலையிலிருந்து கைகர் எண்ணி ஒன்றை இரவல் பெற்று உடன் கொண்டு போயிருந்தோம். கண்ணுக்குப் புலப்படாத கதிரொன்று தன் குழாய்க்குள் புகுங்கால் ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுப்புவதே அக்கருவியின் தொழில். கண்மாய் நீரின்மேல் அதனை நீட்டியபொழுது ஒலி அரிதாகவே எழுந்தது. கரைமேட்டில் சற்று மிகுந்தது. பாறைப் பிளவொன்றினுள் வைத்தபொழுது இன்னும் விரைந்தது. மாணாக்கர் வியந்தனர், ஆயினும் வியத்தற்கு ஈண்டு யாதுமில்லை. பாறையில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் என்றும் உள்ளன. தண்ணீரோ அவற்றை மிகக் குறைவாகக் கொண்டிருப்பதோடு, அடியிலுள்ள மண்ணின் கதிர்களையும் தடுத்துவிடுகின்றது.

திரும்புங்கால், திருவிழாக்களுக்கு விளக்கும் பந்தற் சாமான்களும் வாடகைக்கு விடும் கடையொன்றில் குடிநீர் வேண்டி நின்றோம். பரண்மேல் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தூசி படிந்து கிடந்தன. மாணவர் ஒருவர் விளையாட்டாகப் பழைய மேண்டில் பொட்டலமொன்றின் அருகே கருவியைக் கொண்டு செல்ல, அது கோடைக்காலத்துச் சிள்வண்டெனக் கத்தத் தொடங்கிற்று. கடைக்காரப் பெரியவரின் முகம் வாடிவிட்டது. “என்னங்கய்யா இது? நாப்பது வருசமா இதைக் கையாலேதானே கட்டி வெளக்கேத்துனேன்! ஆமா, இந்தப் பரண்ல பல்லியும் எலியும் குடித்தனம் பண்ணுதே, அதுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார்.

மேண்டிலிலுள்ள தோரியம் வெளிவிடும் ஆல்பாக் கதிர் மனிதத் தோலைக் கடந்து உட்புகாது. மேண்டில் உடைந்து பொடியானால் அப்பொடியைச் சுவாசிப்பதும் உண்பதுமே தீங்காம். தொட்டபின் கையைக் கழுவிவிடுதல் நன்று என்று யாம் அவருக்குச் சொன்னோம். அவர் ஒருவாறு தேறினார். ஆனால் அவருடைய இரண்டாம் வினாவிற்கு எம்மிடம் அன்று தக்க விடை இல்லை. பல்லிக்கும் எலிக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்டது, உலகத்துப் பெரிய ஆராய்ச்சி சாலைகள் அறுபது எழுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியேயாகும். அதனை ஒட்டி யாம் படித்தறிந்தவற்றை நம் சஞ்சிகையின் வாசகர்களுக்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்த மேண்டிலின் பூர்வோத்தரத்தைச் சொல்லவேண்டும். அது நம் தமிழ்நாட்டுக் கதை. 1909-ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரினின்று ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மானசைட் என்னும் தாது கலந்திருப்பதைக் கண்டார் என்பர். அம்மணல் வந்த இடம் குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடைப்பட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரை. மேற்குமலைப் பாறைகள் யுகயுகமாய்த் தேய்ந்து, ஆறுகளால் அடித்துச் செல்லப்பெற்றுக் கடல் சேர, அலைகள் இலேசான மணலை வாரிச் சென்று கனத்த மணிகளைக் கரையிலேயே விட்டன. முறத்தில் புடைக்கும் பெண்டிர் உமியைத் தள்ளி அரிசியை நிறுத்துவது போலவேயாம். கருமணல் என்று நாம் சொல்லும் அதில் கருமை இல்மனைட்டினுடையது, செம்மை கார்னெட்டினுடையது, தேன் நிறமாய் மின்னும் சிறு மணிகளே மானசைட். அதில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை தோரியம் ஆக்ஸைடு உண்டு. வாயு விளக்கின் சல்லடைத் துணிக்கு அக்காலத்தில் தோரியமே உயிர்நாடி. ஆகவே, நம் கிராமத்துத் தேரோட்டத்தையும் கூத்தையும் வெள்ளைவெளேரென ஒளிசெய்த அந்த வெளிச்சத்துக்கு வழி திறந்தது தென்கடற்கரையின் மணலேயாம்.

அக்கரையோரத்தில், குறிப்பாக வடக்கே கேரளத்துச் சவரை, கருநாகப்பள்ளிப் பகுதிகளில், மக்களும் மாக்களும் தொன்றுதொட்டு மிகுந்த கதிர்களினிடையே வாழ்ந்து வருகின்றனர். இயற்கைக் கதிர்வீச்சினால் ஒரு மனிதன் ஆண்டொன்றுக்கு ஏற்கும் அளவு உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட் ஆகும். கருநாகப்பள்ளிக் கரையில் சிற்சில இடங்களில் வெளிப்புற அளவு ஆண்டுக்கு 70 மில்லி கிரே வரை செல்கின்றது. அங்குள்ள சுமார் 70,000 மக்களைப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், இக்கதிர் மிகுதியினால் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை என்று கண்டனர். இது மனிதரைப் பற்றியது. விலங்குகளைப் பற்றிய ஆராய்ச்சி இதற்கும் முற்பட்டது.

கதிர் உயிருக்கு என் செய்கின்றது என்பதைச் சிறிது விளக்கிக்கொண்டு மேற்செல்வோம். நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் பாரம்பரியக் குணங்களைத் தாங்கிய மெல்லிய இழைகள் சுருண்டு கிடக்கின்றன. கதிர் அவற்றை நேரே தாக்கி அறுக்கலாம். அன்றி உயிரணுவிலுள்ள நீரை உடைத்து, அதிற் பிறந்த கூறுகளால் அறுக்கலாம். அறுந்த இழையை உயிரணு தானே முடிந்துகொள்ளும். பெரும்பாலும் முடிச்சு சரியாக விழுகின்றது. சில வேளை பிழைபடுகின்றது. பிழை மிகுந்தால் உயிரணு மாளும். மாளாது பெருகினால் புற்றாகலாம். விந்திலோ முட்டையிலோ பிழை நேர்ந்தால் சந்ததிக்குச் செல்லலாம். எக்ஸ் கதிர்கள் பழ ஈயின் சந்ததியில் இத்தகைய மாறுதல்களை உண்டாக்குவதை 1927-இல் முல்லர் என்னும் அமெரிக்கர் மெய்ப்பித்து, 1946-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆகவே தீங்கு உண்டா என்பது வினாவன்று. எவ்வளவு கதிருக்கு எவ்வளவு தீங்கு, அத்தீங்கு கண்ணாடிக் குப்பிக்குள் வளரும் ஈயைப் போலன்றிப் பசியும் பகையும் சூழ்ந்த காட்டில் வாழும் பிராணியில் எங்ஙனம் வெளிப்படும் என்பனவே வினாக்கள்.

இதனை நேரே கண்டறிய ஒரு காட்டையே பலியிட்டோர் உண்டு. அமெரிக்காவில் புரூக்ஹேவன் என்னுமிடத்தில், உட்வெல் என்னும் தாவர அறிஞர் 1961-ஆம் ஆண்டு ஓக் மரமும் பைன் மரமும் அடர்ந்த வனத்தின் நடுவே 9,500 கியூரி அளவுள்ள சீசியம்-137 ஊற்றொன்றை நிறுவினார். ஆராய்வோர் உட்செல்ல வேண்டுங்கால் அது நிலத்தடிக்கு இறக்கப்படும். ஏனைய நேரமெல்லாம் கதிர்களைச் சொரிந்துகொண்டிருக்கும். ஆறு திங்களுக்குள் அவ்வனத்தில் வட்டம் வட்டமாக மாறுதல்கள் தோன்றின. நடுவில் பாசியும் மரப்பாசியுமன்றி வேறொன்றும் எஞ்சவில்லை, அதனைச் சூழக் கோரையினம், அதற்கப்பால் குறுஞ்செடிகள், பின்னர் ஓக் மரங்கள், கடைசியாகவே பைன் மரமும் கலந்த முழுவனம். நெடிதுயர்ந்தது முதலில் விழுந்தது. நிலத்தோடு நிலமாய்க் கிடந்தது பிழைத்தது. பைன் மரத்தின் உயிரணுக் கரு பெரிது. பெரிய இலக்கைக் கதிர் எளிதில் தாக்குகின்றது என்பது ஒரு காரணம். ஆயினும் உட்வெல் கண்ட பேருண்மை வேறு: தீயும், உப்புக் காற்றும், மலையுச்சியின் குளிரும் ஒரு வனத்தைச் சிதைக்கும் அதே வரிசையிலேயே கதிரும் சிதைக்கின்றது. உசிலம்பட்டிக் கரடுகளில் வெட்டியும் மேய்த்தும் மரம் அழிந்து, முள்புதராகி, பின் புல்லாகி, இறுதியில் வெறும் பாறையும் பாசியுமாய் நிற்பதைக் கண்டவர்க்கு இவ்வரிசை புதிதன்று.

கேரளக் கரைக்குத் திரும்புவோம். அங்கே ஆராய்ச்சி நடத்துதல் நலம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1959-இல் கருத்துரைத்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எலிகளின் பாரம்பரியத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற குரூனபெர்க் என்பார், தம் துணைவரோடு அக்கரையின் கருப்பெலிகளைப் பிடித்து ஆராய்ந்து, அதன் முடிவை 1966-இல் நூலாக வெளியிட்டார். எலியைத் தேர்ந்தமைக்கு நல்ல காரணம் உண்டு. அது பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் செல்வதில்லை. விரைவில் தலைமுறை பெருக்குவது. ஆதலின் பற்பல தலைமுறைகளாக அதே மணலின் கதிரை ஏற்றிருக்கும். கதிர் மிகுந்த கரையின் எலிகளையும், அதற்கப்பாற்பட்ட இடங்களின் எலிகளையும் பிடித்து, எலும்பின் சிறு வேறுபாடுகள், பற்களின் அளவு, ஈனும் குட்டிகளின் தொகை ஆகியவற்றை ஒப்பிட்டனர். கதிரினால் வந்தது என்று துணிந்து சொல்லத்தக்க வேற்றுமை ஒன்றும் தென்படவில்லை.

இதனைக் கேட்டவுடன், கதிரினால் கேடில்லை என்று சாதித்துவிட்டதாக எண்ணலாகாது. காட்டில் நோயுற்ற எலியை ஆராய்ச்சியாளன் காண்பதற்குமுன் ஆந்தை கண்டுவிடுகின்றது. கூண்டில் அகப்படுவன பிழைத்தவை மட்டுமே. மேலும், ஓர் எலி ஏற்கும் கதிரின் அளவை நிர்ணயிப்பது எளிதன்று. கருப்பெலி தென்னையின் குருத்தருகே கூடு கட்டி வாழ்ந்தால் மணலின் கதிர் அதனைச் சிறிதே எட்டும். வளைக்குள் வாழ்ந்தால், மணலினின்று கசியும் கதிர்வாயுவையும் சேர்த்துச் சுவாசிக்கும். ஒரே தோப்பில் ஒரே இனத்து இரண்டு எலிகள், அடியிலொன்றும் முடியிலொன்றுமாக வாழ்ந்தால் இரண்டின் கணக்கும் வேறு. தரையிலிருந்து ஓராள் உயரத்தில் கருவியை வைத்து அளந்து, இதுவே இங்குள்ள உயிர்களின் பங்கு என்று எழுதிவிடும் வழக்கத்தின் பிழை இதுவே.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் பலர் கூடி 2007-இல் நிறைவேற்றிய எரிக்கா என்னும் முயற்சியில், மணிக்கு 10 மைக்ரோ கிரே என்னும் அளவிற்குக் குறைவாக இருப்பின் ஒரு சூழலின் உயிர்த்தொகுதியைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை என்று ஒரு வரம்பு வகுத்தனர். கருநாகப்பள்ளியின் மிகக் கடுமையான இடத்து ஆண்டுக்கு 70 மில்லி கிரேயை மணிக்கணக்காக்கிப் பார்த்தால் 8 மைக்ரோ கிரே ஆகின்றது. உலகில் பெயர்பெற்ற கதிர்நிலமும் அவ்வரம்பின் வாயிலையே தொட்டு நிற்கின்றது. குரூனபெர்க் ஒன்றும் காணாதது வியப்பன்று.

பெரும் அளவில் என்னாகும் என்பதற்குச் செர்னோபில் சாட்சி. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் அங்கே உலை வெடித்தபொழுது அருகிலிருந்த பைன் வனம் பல நூறு ஏக்கர் செந்நிறமாய்க் கருகி மாண்டது. அதனிடையே நின்ற பிர்ச் மரங்கள் தப்பின. புரூக்ஹேவனில் கண்ட அதே வேற்றுமை. பின்னர் மக்கள் அகன்ற அந்நிலத்தில் நடந்தது பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்கு ஓயவில்லை. மோலர், மூசோ என்னும் இருவர் அங்குள்ள தகைவிலான் குருவிகளின் இறகில் வெண்திட்டுக்களையும், பறவைகளின் மூளை சிறுத்திருத்தலையும், சிலந்திகளும் பூச்சிகளும் குறைந்திருத்தலையும் எடுத்துக்காட்டினர். 2015-இல் பெலரூஸ் நாட்டு எல்லைக்குள் நீண்டகாலம் எடுத்த விலங்குக் கணக்கோ, மான்களும் காட்டுப்பன்றிகளும் தூய காடுகளில் உள்ள அளவே இருப்பதாகவும், ஓநாய் ஏழு மடங்கு மிகுந்திருப்பதாகவும் காட்டிற்று.

இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாகப் பலர் எழுதுகின்றனர். எம் கருத்து அதுவன்று. ஒன்று தனித்தனி உயிரின் உடல்நலத்தைக் கேட்கின்றது. மற்றொன்று இனத்தின் தொகையைக் கேட்கின்றது. மனிதனைப் பொறுத்தவரை ஒருவன் நோயுற்றாலும் நமக்குப் பொறுக்கமுடியாது. ஓநாயைப் பொறுத்தவரை நூற்றில் ஐந்து நோயுற்றும் வேடனும் வேளாளனும் விலகியதால் இனம் பெருகுமாயின், தொகை மட்டும் எண்ணுவோன் நன்மையையே காண்பான். மனிதனது அருகாமை ஓநாய்க்குச் சீசியத்தைவிடக் கொடியது என்பதே அக்கணக்கின் உள்ளுறை. அது கதிருக்குக் கொடுத்த நற்சான்றன்று. நமக்கு எழுதிய குற்றப்பத்திரம்.

நஞ்சு உணவு வழியே செல்லும் பாதையும் கருதத்தக்கது. சீசியம் பொட்டாசியத்தை ஒத்தது; தசையில் சேரும். ஸ்திரான்சியம் சுண்ணாம்பை ஒத்தது, எலும்பிற் சேரும். இரண்டும் பாதியாய்க் குறைய முப்பதாண்டு செல்லும். ஜெர்மனியின் பவேரியாவில் மான்களிடத்தில் சீசியம் குறைந்த பின்பும் காட்டுப்பன்றிகளின் இறைச்சியில் குறையாதிருந்தது; அவை மண்ணைக் கிளறித் தின்னும் நிலத்தடிக் காளானே அதற்கு ஏது என்று கண்டனர். 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அச்சீசியத்தில் ஒரு பங்கு செர்னோபிலுக்கு முந்திய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் என்றும் வெளிப்படுத்திற்று. இயற்கைக் கதிர்ப்பொருளும் இங்ஙனமே சேரும். நம் காவிரியில், திருச்சி ஜமால் முகமது கல்லூரியைச் சார்ந்தோர் பொலோனியம்-210 நீரிலிருந்து உயிர்களிடத்துச் சேருதலை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டனர். நீரை ஓயாது வடிகட்டி உண்ணும் நன்னீர் மட்டியே அதனை மிகுதியும் சேர்க்கும் சாட்சி. பெருங்கருவிகள் நிறைந்த தேசிய ஆராய்ச்சி சாலைகளேயன்றி ஒரு கல்லூரியாரும் இத்துறையில் பணியாற்ற இயலும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாதலின், நம் மாணாக்கர் பொருட்டே இதனை இங்குச் சேர்த்தோம்.

உசிலம்பட்டிக்கு மிக நெருங்கிய செய்தி இனி. 2011 மார்ச்சு 11-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் புகுஷிமா உலைகளைக் குலைத்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத்தார் அப்பகுதியில் வெளிர்நீலச் சிறு பட்டாம்பூச்சிகள் 144-ஐப் பிடித்துப் பார்த்தனர். நூற்றுக்கு 12 அளவில் சிறகு, கண் முதலியவற்றில் குறைகள் இருந்தன. செப்டம்பரில் பிடித்தவற்றில் அது 28 ஆயிற்று. புகுஷிமாவின் இலையை ஒகினாவாவின் புழுக்களுக்கு ஊட்டியபோதும் குறைகள் தோன்றின. 2012-இல் இது வெளியானபொழுது மறுப்புக்களும் எழுந்தன. வடநிலத்துப் பூச்சி இயல்பாகவே சிறிய சிறகுடையது, ஒப்பிடத்தக்க முன்கணக்கு இல்லை என்பன அவற்றுட் சில. அப்பட்டாம்பூச்சி அந்நிய நாட்டுப் பிராணி என்று எண்ணவேண்டா. அவ்வினம் நம் நாட்டிலும் பறப்பது; அதன் புழு உண்பது புளியாரை. கண்மாய்க் கரையிலும் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் மூவிலையாய்ப் படர்ந்து, பள்ளிச் சிறுவர் பறித்து மெல்லும் அதே புளிப்புக் கீரை. நாம் அன்று காலடியில் மிதித்து நடந்ததும் அதுவே.

முன்கணக்கு என்று சொன்னோமே, அதுவே இத்துறையின் பெருங்குறை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலை இயங்குமுன்னரே கடல்நீர், மீன், பால் முதலியவற்றை அளக்கும் சூழல் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. அவை அளப்பது பெரும்பாலும் மனிதன் உண்பவற்றை. மனிதனைக் காத்தால் ஏனைய உயிர்களும் காக்கப்பட்டனவே என்று சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் குழுவினர் நெடுங்காலம் கருதியிருந்தனர். 2008-இல்தான் பன்னிரண்டு உயிர்களை மாதிரியாக நிறுத்தினர். மான், எலி, வாத்து, தவளை, தேனீ, மண்புழு, நண்டு, இருவகை மீன், பைன், புல், கடற்பாசி என்பன அவை. பனைக்கும் ஆலுக்கும் பல்லிக்கும் அங்கே இடமில்லை. பட்டியலை வகுத்தோர் குளிர்நாட்டினர் போலும்!

தேனிப் பகுதியில் பொட்டிபுரத்து மலைக்கடியில் அமைக்க எண்ணிய நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றி உசிலம்பட்டியில் இன்னும் பேசுகின்றனர். அதனால் கதிர் பரவும் என்று அஞ்சினோர் பலர். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அதற்கு ஒப்புதல் தந்தது. பின்னர் எதிர்ப்பினாலும் வழக்கினாலும் தடைப்பட்டது. நியூட்ரினோ என்பது வானினின்று கோடானுகோடியாய் இந்நொடியிலும் நம் உடலைத் துளைத்துச் செல்வது. ஒன்றையும் தொடாது செல்வதே அதன் இயல்பு. அதனை அளக்கும் கருவி கதிரை உண்டாக்குவதன்று. ஆனால் மலையைக் குடைதல், நீரூற்று, புலிகள் செல்லும் வழி என்பன வேறு கேள்விகள். தமிழக அரசு 2022-இல் உச்சநீதிமன்றத்தில் முன்வைத்ததும் புலிவழியையே. கதிரச்சத்தில் அக்கேள்விகள் மறைந்துபோனமையே எமக்கு வருத்தம்.

தை மாதத்தில் மீண்டும் உசிலம்பட்டி சென்றபொழுது அக்கடைக்காரப் பெரியவரிடம் கேரளத்து எலிகளின் கதையைச் சொன்னோம். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். மேண்டில் பொட்டலத்தை ஒரு தகர டப்பாவிலிட்டு எம் கையிற் கொடுத்தார். பிறகு பரணை அண்ணாந்து பார்த்து, “எலிக்குச் சரிங்கய்யா, பல்லிக்கு?” என்றார்.